மலைச் சைக்கிளுக்கு வளைந்த ஹாண்டில்பார் வந்த வரலாறு

மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் ஆண்டு மலர்களில் பலமுறை இடம்பெற்றுள்ளன. அவை வேண்டுவனவே. ஆயினும், நம் குடியிருப்பின் மாடிப்படியடியில் சங்கிலியிட்டுப் பூட்டப்பெற்று நிற்கும் சைக்கிளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அலுவலகத்திற்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் நம்மைச் சுமந்து செல்லும் அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் எவரோ ஒருவர் சிந்தித்துச் செய்து, ஓட்டிப் பார்த்துத் திருத்தி, மீண்டும் செய்ததன் விளைவேயாகும். அவ்வுறுப்புகளுள் ஒன்று ஹாண்டில்பார். பழைய மலைச் சைக்கிளுக்கு நேரான ஹாண்டில்பாரைக் கழற்றிவிட்டு வளைந்த ஹாண்டில்பாரைப் பூட்டும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. அவ்வழக்கம் பிறந்த கதையை இக்கட்டுரையில் காண்போம்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வினவலாம். பொருள் சிறிது, அதனுள் அடங்கிய வினா பெரிது. ஒரு கருவியைப் படைத்தவர் யார்? அதனை ஆயிரக்கணக்கில் செய்து விற்ற ஆலையா, அன்றி அதனைக் கையிலெடுத்துத் தம் தேவைக்கு ஏற்பத் திருத்திய மனிதரா? இவ்வினாவுக்கு மலைச் சைக்கிளின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

இருவகை ஹாண்டில்பார்

மலைச் சைக்கிள் என்பது கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கென அமைந்தது. பருத்த டயர், வலிய சட்டம், பல பல்சக்கரங்கள், அகன்று நேராக நிற்கும் ஹாண்டில்பார் ஆகியன அதன் அடையாளங்கள். பந்தய சைக்கிளோ மெல்லிய டயரும் இலேசான சட்டமும் உடையது. அதன் ஹாண்டில்பார் ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போல முன்னே நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, மீண்டும் ஓட்டுபவனை நோக்கித் திரும்பி வரும்.

இவ்வளைவு அழகுக்காக ஏற்பட்டதன்று. கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு நேரே நின்று பாருங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். அதுவே மணிக்கட்டுக்கு இயல்பான நிலை. நேரான ஹாண்டில்பாரைப் பிடிக்கும்போது உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறது. மணிக்கட்டு சற்று முறுகுகிறது. அரை மணி நேரப் பயணத்தில் இது தோன்றாது. நான்கைந்து மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். வளைந்த ஹாண்டில்பாரில் மேலே பிடிக்கலாம். பிரேக் பிடியின் தலையில் கை வைக்கலாம். கீழ் வளைவையும் பற்றலாம். ஓரிடம் சோர்ந்தால் வேறிடத்திற்குக் கையை மாற்றிக்கொள்ளலாம். எதிர்க்காற்று வீசும்போது கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் காற்றின் தடையும் குறையும்.

நேரான ஹாண்டில்பாருக்கும் தனிச் சிறப்பு உண்டு. அஃது அகலமானது, ஆதலால் கல்லும் வேரும் நிறைந்த இடத்தில் சக்கரத்தை வேண்டிய பக்கம் திருப்புவதற்கு வலிமை தருகிறது. பிரேக் எப்போதும் விரலடியிலேயே இருக்கும். இவ்விரு சிறப்புகளையும் ஒரே வண்டியில் இணைக்க இயலுமா என்பதே நம் வரலாற்றின் அடிநாதம்.

மண்பாதையில் பந்தய வண்டி

ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும், பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட சைக்கிளை 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்னும் பெயரில் அமைத்தார். மூன்றாண்டுகளுக்குப்பின், 1888-இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே பந்தய வண்டிகளில் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில்பார் வழக்கத்திற்கு வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். அக்காலத்துச் சாலைகள் இன்றைய தார்ச் சாலைகள் அல்ல. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்மிக்க பந்தயம் 1903-ஆம் ஆண்டு தொடங்கியது. 1910-இல் அப்பந்தயம் பிரனீஸ் மலையில் 2115 மீட்டர் உயரத்திலுள்ள தூர்மலே கணவாயை முதன்முறையாகக் கடந்தது. அடுத்த ஆண்டில் ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் சேர்க்கப்பெற்றது. அவை மண்ணும் சரளைக்கல்லும் நிறைந்த மலைத்தடங்கள். வீரர்கள் அவற்றில் ஏறியதும் இறங்கியதும் வளைந்த ஹாண்டில்பார் பூட்டிய வண்டிகளிலேதான். எனவே, வளைந்த ஹாண்டில்பார் தார்ச் சாலைக்கே உரியது என்னும் எண்ணம் பிற்காலத்தில் எழுந்ததேயன்றித் தொடக்கத்தில் இருந்ததன்று. சாலைகள் மென்மையான பின்னர், அது மென்மையான சாலையின் பொருளாகிவிட்டது.

இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டு கரடுமுரடுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோர் ஒன்றுகூடி ஒரு கழகம் கண்டனர். ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்பது அதன் பெயர். மலைச் சைக்கிள் என்ற சொல்லே வழங்காத அக்காலத்தில், அவர்கள் தங்கள் பயண சைக்கிள்களைப் புல்வெளிகளிலும் கணவாய்களிலும் ஓட்டியும், ஓட்ட இயலாத இடத்தில் தோளில் சுமந்தும் சென்றனர்.

பழைய இரும்பிலிருந்து புதிய வண்டி

இனி, இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்வோம். கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே டமல்பாயிஸ் என்றொரு மலை. 1970-களில் அம்மலையடிவாரத்து இளைஞர் சிலர் விந்தையான ஒரு விளையாட்டில் ஈடுபட்டனர். 1930-களிலும் 1940-களிலும் சிகாகோ நகரத்து ஷ்வின் நிறுவனம் சிறுவர்களுக்காகச் செய்த, பருத்த டயர் கொண்ட கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் சில டாலர்களுக்கு வாங்கினர். மட்கார்டு, செயின் கவர், அலங்காரத் தகடு ஆகியவற்றைக் கழற்றி எறிந்தனர். எஞ்சிய எலும்புக்கூட்டை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் கீழ்நோக்கிப் பாய்ந்தனர்.

ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரின் அருகே ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1300 அடி இறங்கும் செங்குத்தான தடம் ஒன்று உண்டு. அவ்வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கர ஹப்பினுள் இருந்தது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் அந்த ஹப்பிலுள்ள கிரீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். மறுமுறை ஓட்டுமுன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அத்தடத்திற்கு ரீபேக் என்றே பெயர் வந்தது. மீண்டும் அடைத்தல் என்பது அதன் பொருள். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அங்கே முதற்பந்தயம் நடந்தது. பின்னர் கேரி ஃபிஷர் என்பவர் அத்தடத்தை 4 நிமிடம் 22 விநாடியில் கடந்து நிறுவிய அளவு இன்றளவும் பேசப்படுகிறது.

இறங்குவது எளிது, ஏறுவதற்குத்தான் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் பழைய சட்டத்தில் பல பல்சக்கரங்களைப் பூட்டினர். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளைக் கொணர்ந்து பொருத்தினர். ஹாண்டில்பாரும் மோட்டார் சைக்கிளுக்கு உரியதைப் போல அகன்றதாக அமைந்தது. மலைச் சைக்கிளுக்கு அகன்ற ஹாண்டில்பார் வந்ததற்குக் காரணம் இதுவே. கையில் கிடைத்த பழம்பொருள் அத்தகையது, இறக்கத்தில் வண்டியை அடக்க அது பயன்பட்டது, அதனால் நிலைத்தது.

1977-இல் ஜோ ப்ரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கூட்டாக ஒரு சிறு கடை தொடங்கி, டாம் ரிட்சி என்பவர் செய்து தந்த சட்டங்களை மவுன்டன்பைக்ஸ் என்ற பெயரில் விற்றனர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் என்னும் வண்டி சந்தைக்கு வந்தது. அதன்பின் பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்துறையில் இறங்கின. பத்தாண்டுகளுக்குள் மலைச் சைக்கிள் உலகெங்கும் பரவிற்று. ஆலை பின்னர்தான் வந்தது. பழைய இரும்பைத் திருத்திய கைகள் முன்னரே வந்துவிட்டன என்பது இதனால் விளங்கும்.

வளைவைத் துணிந்தவர்கள்

அதே மாரின் மாவட்டத்தில் சார்லி கன்னிங்ஹாம் என்றொருவர் இருந்தார். தோழர்கள் கனத்த இரும்புச் சட்டங்களில் ஓட, அவர் 1970-களின் இறுதியில் அலுமினியக் குழாய்களால் இலேசான சட்டங்களைத் தம் கையாலேயே அமைத்தார். மற்றவர்கள் அகன்ற ஹாண்டில்பாரைப் பூட்ட, அவர் வளைந்த ஹாண்டில்பாரைத் தேர்ந்தார். ஆனால் பந்தய வண்டியிலிருந்து அதனை அப்படியே எடுத்து மாட்டிவிடவில்லை. கீழ் வளைவின் நுனிகள் வெளிப்புறமாக விரியுமாறு செய்தார். ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் என்னும் உறுப்பை உயர்த்தி, கீழ் வளைவே கையின் இயல்பான இருக்கையாகும்படி அமைத்தார். இதனால் குனிவு குறைந்தது, விரல்கள் பிரேக்கை எட்டின, அகலமும் கிடைத்தது. முன்னர் நாம் கூறிய இரு சிறப்புகளும் ஒன்றாக இணைந்த இடம் இதுவே.

இவ்வமைப்பு பயனுடையது என்பதை மெய்ப்பித்தவர் ஒரு பெண்மணி. ஜாக்கி ஃபீலன் என்னும் அவ்வீராங்கனை கன்னிங்ஹாம் செய்த, வளைந்த ஹாண்டில்பார் பூட்டிய வண்டியில் ஏறி, 1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்க நாட்டுப் பெண்கள் மலைச் சைக்கிள் பட்டத்தை வென்றார். பெண்கள் அரிதாகவே தென்பட்ட களத்தில், வழக்கத்திற்கு மாறான வண்டியில் அவர் ஈட்டிய வெற்றி போற்றுதற்குரியது. அவர் பின்னர் பெண்களுக்கென்று ஒரு மலைச் சைக்கிள் கழகத்தையும் நிறுவினார். கன்னிங்ஹாமோ 1982-இல் ஸ்டீவ் பாட்ஸ், மார்க் ஸ்லேட் ஆகிய இருவருடன் சேர்ந்து வில்டர்னெஸ் டிரெயில் பைக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆலைகளும் ஒருமுறை இவ்வழியே எட்டிப் பார்த்தன. 1989-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ராக் காம்போ என்னும் வளைந்த ஹாண்டில்பார் வண்டியை வெளியிட்டது. 1990-இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில், உலக சைக்கிள் கூட்டமைப்பின் முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடைபெற்றது. அவ்வாண்டு ஜான் டோமாக் என்னும் வீரர் தம் யெட்டி வண்டியில் வளைந்த ஹாண்டில்பாரைப் பூட்டி ஓட்டியது பலரையும் வியக்க வைத்தது. அவர் சாலைப் பந்தயத்திலும் ஈடுபட்டிருந்தார். இரு வகைப் பந்தயங்களுக்கும் உடல் ஒரே நிலையில் பழக வேண்டும் என்பதே அவர் கருத்து. 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றிய கிராண்ட் பீட்டர்ஸன் என்பவர், மலைச் சைக்கிளுக்குரிய 26 அங்குலச் சக்கரமும் மீசையைப் போல் வளைந்த ஹாண்டில்பாரும் கொண்ட எக்ஸ்-ஓ-1 என்னும் வண்டியை உருவாக்கினார்.

எனினும் சந்தை இவர்கள் பக்கம் திரும்பவில்லை. 1990-ஐ ஒட்டி, அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்குகள் வந்தன. விரலால் தள்ளி கியர் மாற்றும் கருவிகள் நேரான ஹாண்டில்பாருக்கென்றே செய்யப்பெற்றன. பந்தயப் பாதைகளும் செங்குத்தாயின. வளைந்த ஹாண்டில்பார் மலைச் சைக்கிள் பட்டியல்களிலிருந்து மறைந்தது. பிரிட்ஜ்ஸ்டோனும் 1994-இல் தன் அமெரிக்க சைக்கிள் அலுவலகத்தை மூடிற்று. அவ்வாண்டிலேயே பீட்டர்ஸன் ரிவென்டெல் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கித் தம் கொள்கையைத் தொடர்ந்தார்.

மாற்றுவதன் நுட்பம்

ஆலைகள் கைவிட்டதைத் தனி மனிதர்கள் கைவிடவில்லை. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் செய்யப்பெற்ற மலைச் சைக்கிள்களை வாங்கித் தாமே வளைந்த ஹாண்டில்பாரைப் பூட்டிக்கொண்டவர் பலர். அம்மாற்றத்தின் முறையையும் சற்றே அறிவது நலம்.

இருப்புப்பாதைத் துறையினருக்கு கேஜ் மாற்றம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1992 முதல் நாடெங்கும் மீட்டர் கேஜ் பாதைகள் பிராட் கேஜாக மாறியபோது, 1000 மில்லிமீட்டர் இடைவெளி 1676 மில்லிமீட்டர் ஆயிற்று. தண்டவாளத்தைத் தள்ளி வைத்ததோடு வேலை முடிந்ததா? பாலம், வளைவு, பாயிண்ட், பிளாட்பாரம் ஆகிய அனைத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. ஹாண்டில்பாரை மாற்றுவதும் அத்தகையதே. ஒன்று மாறினால் மற்றவையும் மாற வேண்டும்.

முதலாவது, நீளம். மலைச் சைக்கிளின் மேற்குழாய் நீளமானது. வளைந்த ஹாண்டில்பாரோ கையை மேலும் 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை முன்னே கொண்டுபோகும். பழைய ஸ்டெம்மையே வைத்தால் ஓட்டுபவன் வண்டியின்மேல் படுத்ததுபோல் ஆகிவிடுவான். ஆகவே குட்டையானதும் உயரமானதுமான ஸ்டெம்மைப் பூட்டவேண்டும்.

இரண்டாவது, குழாயின் பருமன். நேரான ஹாண்டில்பாரில் கைபிடிக்கும் இடம் 22.2 மில்லிமீட்டர் பருமன், வளைந்ததில் 23.8 மில்லிமீட்டர். வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டரே ஆயினும், பழைய பிரேக் பிடியும் கியர் நெம்புகோலும் புதியதில் ஏறமாட்டா. ஸ்டெம் கவ்வும் நடுப்பகுதியும் அவ்வாறே. பழைய மலைச் சைக்கிளில் அது பெரும்பாலும் 25.4 மில்லிமீட்டர், அக்காலத்துப் பந்தய ஹாண்டில்பாரில் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர். அளந்து பாராமல் இறுக்கினால் ஓட்டத்தில் ஹாண்டில்பார் சுழன்றுவிடும். விளைவை நாம் கூற வேண்டியதில்லை.

மூன்றாவது, கியர். பழைய கியர் நெம்புகோல்களில் படிப்படியாகச் சொடுக்கும் அமைப்பு இல்லை. உராய்வினால் நிற்கும் அந்நெம்புகோல்கள் எக்கருவியோடும் இசைந்துபோகும். அவற்றுள் ஒருவகை வளைந்த ஹாண்டில்பாரின் நுனியிலேயே செருகத்தக்கது. சொடுக்கும் முறை 1980-களின் நடுவில் பரவியபின் பொருத்தம் பார்த்தே வாங்க வேண்டியதாயிற்று. ஷிமானோ நிறுவனத்தின் 9 பல்சக்கர முறை வரையில், பின்சக்கர கியர் மாற்றிகள் சாலை வண்டிக்கும் மலை வண்டிக்கும் ஒன்றாகவே இசையும். முன்புறக் கருவிகள் அவ்வாறு இசைவதில்லை.

நான்காவதும் தலையாயதும் பிரேக். 1996-க்கு முன் வந்த மலைச் சைக்கிள்களில், ரிம்மின் இருபுறமும் குட்டையான இரு கைகள் நிற்க, அவற்றைக் குறுக்கு ஒயர் ஒன்று நடுவிலிருந்து மேலே இழுக்கும். வளைந்த ஹாண்டில்பாரின் பிரேக் பிடி இழுக்கும் ஒயரின் அளவு இதற்குப் போதுமானது. 1996-இல் ஷிமானோ கொணர்ந்த வி-பிரேக்கின் கைகள் நெடியவை. அவற்றுக்கு ஏறத்தாழ இருமடங்கு ஒயர் இழுபட வேண்டும். பந்தய வண்டியின் பிடியை வி-பிரேக்கோடு இணைத்தால், பிடி முழுவதும் அமுங்கி ஹாண்டில்பாரைத் தொட்ட பின்னும் சக்கரம் நிற்காமற் போகலாம். வி-பிரேக்குக்கென்றே செய்த வளைந்த ஹாண்டில்பார்ப் பிடிகளோ, இழுக்கும் அளவைக் கூட்டித் தரும் சிறு கப்பிகளோ இருந்தாலன்றி இவ்விணைப்பில் இறங்கலாகாது. அழகில் குறை நேரின் பொறுக்கலாம். பிரேக்கில் குறை நேரின் உயிர் பொறுக்காது.

இவற்றையெல்லாம் நோக்கின், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும், எஃகுச் சட்டமும், பழைய முறை பிரேக்கும் உடைய 1980-களின் வண்டிகளே இம்மாற்றத்திற்கு மிகவும் ஏற்றவை என்பது புலனாகும். அவற்றின் டயர் பருத்தது. கேரியர் பூட்டத் துளைகள் உண்டு. சட்டம் எளிதில் உடையாது. நெடும்பயணம் செய்வோர் அவற்றை விரும்பியதில் வியப்பில்லை.

ஆலைகள் திரும்பி வந்த கதை

அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் நகரைச் சுற்றிலும் சரளைக்கல் பாதைகள் நெடுந்தூரம் ஓடுகின்றன. அங்கே 2006-ஆம் ஆண்டு 200 மைல் பந்தயம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்குப் பருத்த டயரும் வேண்டும். நெடுநேரம் கை சோராத ஹாண்டில்பாரும் வேண்டும். இத்தேவை பெருகவே, 2008-இல் சால்ஸா நிறுவனம் மலைச் சைக்கிளின் டயரும் வளைந்த ஹாண்டில்பாரும் கொண்ட ஃபார்கோ என்னும் வண்டியை வெளியிட்டது. 2010-களில் பெரிய ஆலைகள் பலவும் கிராவல் பைக் என்னும் பெயரில் அத்தகைய வண்டிகளைச் செய்து, புத்தம்புதிய இனம் என்று விளம்பரம் செய்தன. 2022-இல் இத்தாலி நாட்டு வெனெட்டோ பகுதியில் அவ்வினத்திற்கென முதல் உலகப் போட்டியும் நடைபெற்றது.

அதே காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. மலைச் சைக்கிள்களில் 26 அங்குலச் சக்கரத்தை ஆலைகள் கைவிட்டு, 27.5 அங்குலத்திற்கும் 29 அங்குலத்திற்கும் மாறின. முந்தைய வண்டிகள் பழையன ஆகிவிட்டன, மலிவாகக் கிடைத்தன. புதிய கிராவல் வண்டியின் விலையைக் கேட்டுத் திகைத்தவர்கள் பழைய மலைச் சைக்கிளை நோக்கித் திரும்பினர். 1970-களில் மாரின் இளைஞர்கள் 1930-களின் வண்டியைத் திருத்தினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அடுத்த தலைமுறையினர் அவர்கள் ஈன்ற வண்டியையே எடுத்துத் திருத்துகின்றனர். கொண்ட முறையும் ஒன்று. கொண்ட காரணமும் ஒன்று.

காப்பதா, மாற்றுவதா?

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். பழைய பொருளை அது பிறந்த நிலையிலேயே காத்தல் வேண்டும், மாற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்பது அவர்தம் வாதம். அதனைப் புறந்தள்ளுதல் முறையன்று. பழங்கோயிலுக்குத் திருப்பணி செய்கிறோம் என்று கிளம்பி, கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசிவிடுவோரை நாம் நொந்துகொள்வதில்லையா? தொடக்ககாலத்தில் கையால் செய்யப்பெற்ற அரிய சட்டங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றைத் தொடாது விடுவதே அறிவுடைமை.

ஆனால் ஆலையில் இலட்சக்கணக்கில் பிறந்த வண்டிகளின் நிலை வேறு. அவற்றின்முன் நிற்கும் வழிகள் இரண்டே. ஒன்று, ஓடுதல், மற்றொன்று, எடைக்கு எடை பழைய இரும்பாகப் போதல். ஓடும் வண்டியே காக்கப்பட்ட வண்டி என்பது நம் கருத்து. மேலும், ஹாண்டில்பாரை மாற்றுவதற்குச் சட்டத்தை அறுக்கவும் வேண்டா, பற்றவைக்கவும் வேண்டா. கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு பெட்டியிலிட்டு வைத்தால், வேண்டும்போது வண்டியைப் பழைய நிலைக்கே கொணரலாம். திரும்பி வரத்தக்க மாற்றம் அழிவாகாது.

நம் நாட்டினருக்கு இக்கருத்து புதிதும் அன்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிப்பத்தில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று விடுதலைக்குப்பின் எழுந்த ஆலைகள் கோடிக்கணக்கில் வண்டிகளைச் செய்தன. அவை ஆலையை விட்டு வரும்போது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. நம் தெருவுக்கு வந்தபின் எத்தனை உருவம் எடுத்தன! பால்காரர் இருபுறமும் கேன் மாட்டக் கொக்கி வைத்தார். சாணை பிடிப்பவர் ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திப் பெடலை மிதித்துச் சாணைக்கல்லைச் சுழற்றினார். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தை முன் பாரில் சிறு இருக்கை அமைத்தார். இவர்கள் எவர் பெயரும் எந்நூலிலும் இல்லை. மரத்தடியில் பஞ்சர் ஒட்டும் தொழிலாளியின் துணையோடு, தேவையே ஆசானாக, இவர்கள் செய்த மாற்றங்களும் மாரின் இளைஞர்கள் செய்தவையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஆலை பெருக்குகிறது, பரப்புகிறது, விலையைக் குறைக்கிறது. அத்தொண்டு பெரிதே. ஆயினும் முதல் மாற்றம் ஓட்டுபவன் கையிலிருந்தே பிறக்கிறது. எங்கே வலிக்கிறது, எங்கே வழுக்குகிறது, எது எட்டவில்லை என்பதை அறிந்தவன் அவனே. அவனுடைய கையில் திருகுச்சாவி இருக்கும் வரையில்தான் கருவி அவனுக்கு அடங்கி நிற்கும். பழுது பார்க்கும் அறிவை இழந்த வீட்டினர் விற்பவர் சொல்லும் விலைக்கும் சொல்லும் பொருளுக்கும் தலையசைப்பதன்றி வேறு வழியறியார். இக்காலத்தில் வந்து கொண்டிருக்கும் பொருள்களுள் பல திறந்து பார்க்கவே இயலாதவை. சைக்கிளோ இன்றும் திறந்து கிடக்கும் புத்தகம். பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் அதன் சங்கிலியைக் கழற்றவும் மாட்டவும் கற்கலாம்.

ஆகவே, நம் குடியிருப்பில் தூசி படிந்து கிடக்கும் பழைய மலைச் சைக்கிள்களைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். சட்டம் நேராக உள்ளதா, ரிம் கோணாது சுழல்கிறதா, பிரேக் எவ்வகை என்று நோக்குங்கள். வளைந்த ஹாண்டில்பார் பூட்டுவது அவரவர் விருப்பம், பூட்டாமலும் ஓட்டலாம். ஆனால் அந்த வேலையைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பருமனை அளப்பதும், ஒயரின் இழுப்பைக் கணிப்பதும், திருகை இறுக்கும் அளவை உணர்வதும் ஏட்டில் வராத கல்வி. அக்கல்வி பெற்ற கை எங்குச் சென்றாலும் பிழைக்கும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தொழிலறிவு!